நீரிறைக்கும் இயந்திரத்தை வீட்டிலே பேணலும் திருத்தலும்

வன்னிப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு

வன்னிப் பெருநிலத்தில் வயல் குளத்தை நம்பியது. தோட்டம் கிணற்றை நம்பியது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகிய குளங்களின் வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுக்காணிகளில் மிளகாய், கத்தரி, பயற்றை, வெங்காயம் முதலியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரர் சிறிய நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டே பயிரைக் காத்து வருகின்றனர். சோளகக் காற்று வீசும் நாட்களில் பூத்து நிற்கும் மிளகாய்க்கு நீர் தவறினால் பூ உதிரும், பிஞ்சு வாடும். அக்காலத்தில் இயந்திரம் நின்றுவிடின், அதனை வண்டியில் ஏற்றிப் பட்டணத்துத் திருத்தகத்துக்குக் கொண்டுசென்று மீட்டு வருமுன் போகத்தின் பயன் குறைந்துவிடும்.

ஆயினும், திருத்தகத்துக்கு வரும் இயந்திரங்கள் பலவற்றின் குறை சிறியதே. அழுக்கடைந்த பிளக், நீர் கலந்த எண்ணெய், தேய்ந்த றப்பர் வோசர் ஆகியவற்றை வீட்டுக் கொட்டிலிலேயே சரிசெய்யலாம். அதற்கான முறைகள் இங்கே தரப்படுகின்றன.

1. கொட்டிலும் கருவிகளும்

இயந்திரத்தை மழையும் புழுதியும் படாத கொட்டிலில், பலகையின்மேல் வைத்தல் வேண்டும். வீட்டில் இருக்கவேண்டிய கருவிகள்: பிளக் சாவி ஒன்று, அளவுச் சாவிகள் ஒரு தொகுதி, திருப்புளி இரண்டு, குறடு, கம்பித் தூரிகை, எண்ணெய் வடிக்கும் தட்டு, சுத்தமான பழந்துணி. இவற்றோடு புதிய பிளக் ஒன்றும் உறிஞ்சு குழாய்க்கான வோசர்கள் சிலவும் கையிருப்பில் இருத்தல் நன்று. கழற்றும் நட்டுகளைக் கழற்றிய ஒழுங்கிலே ஒரு தகரத்தில் இட்டு வைத்தால், பூட்டும்போது குழப்பம் நேராது.

2. எஞ்சின் இயங்காவிடின்

பெற்றோல் எஞ்சின் இயங்குவதற்கு எரிபொருள், மின்பொறி, காற்றை அமுக்கும் வலு ஆகிய மூன்றும் தேவை. கயிற்றை ஓயாது இழுப்பதை விடுத்து, இம்மூன்றையும் ஒழுங்காகச் சோதித்தல் வேண்டும்.

முதலில் ஒயில் மட்டத்தைப் பார்க்க. ஒயில் குறைந்தால் தானாகவே பொறியைத் தடுக்கும் அமைப்புச் சில எஞ்சின்களில் உண்டு. அத்தகைய எஞ்சினுக்கு வேறு குறையே இராது. ஒயில் விட்டதும் இயங்கும்.

அடுத்து எரிபொருள். தாங்கியின் திறப்புத் திறந்துள்ளதா, மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டுள்ளதா எனப் பார்க்க. பின்னர் காபரேற்றரின் அடியிலுள்ள வடிதிருகாணியைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஏந்துக. நீர் இருப்பின் அது எண்ணெயின் கீழே தனியாகத் தங்கும். அவ்வாறாயின் தாங்கியையும் வடித்துக் கழுவுதல் வேண்டும்.

மூன்றாவதாகப் பிளக்கைக் கழற்றுக. அதன் நிறம் எஞ்சினின் நிலையைக் காட்டும்.

வெளிறிய மண்ணிறம்: எஞ்சின் நன்னிலையில் உள்ளது.
உலர்ந்த கரி: காற்று வடி அடைபட்டுள்ளது, அல்லது எரிபொருள் மிகுதியாகச் செல்கிறது.
ஒயில் படிந்த ஈரக் கறுப்பு: ஒயில் மேலேறுகிறது, திருத்தகத்தாரிடம் காட்டுக.
சுண்ணாம்பு போன்ற வெண்மை: எஞ்சின் மிகையாகச் சூடேறுகிறது.
பெற்றோல் நனைவு: எரிபொருள் வந்துள்ளது, பொறியே இல்லை அல்லது போதாது.

பிளக்கைக் கம்பித் தூரிகையால் துடைத்து, முனைகளின் இடைவெளியைச் சரிசெய்க. பெரும்பாலான சிறு பெற்றோல் எஞ்சின்களுக்கு இவ்விடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் ஆகும். பொறியைச் சோதிக்கும்போது, சிந்திய பெற்றோலைத் துடைத்தபின், பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக் துளைக்கு அப்பால் எஞ்சினின் உலோகத்திற் படுமாறு பிடித்துக் கயிற்றை இழுக்க வேண்டும். நீலப் பொறி பாய்ந்தால் நன்று. மங்கிய செம்பொறியாயின் புதிய பிளக்கை இட்டுப் பார்க்க.

இவையாவும் சரியாக இருந்தும், கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே தோன்றாவிடின் வால்வு அல்லது பிஸ்டன் வளையம் பழுதாகியிருக்கலாம். அது வீட்டு வேலையன்று.

3. எஞ்சின் ஓடியும் நீர் வராவிடின்

இக்குறை பெரும்பாலும் உறிஞ்சு குழாயிலேயே உண்டாகும். பம்பி நீரை இழுப்பதில்லை. பம்பியினுள் வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்றின் அமுக்கமே நீரைத் தள்ளி உயர்த்துகிறது. காற்றமுக்கம் கடல்மட்டத்தில் சுமார் 34 அடி உயர நீரையே தாங்கும். நடைமுறையில் 25 அடிக்கு மேல் எதிர்பார்க்கலாகாது. ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீர் இவ்வாழத்துக்குக் கீழிறங்கின், எத்தனை வலுவுள்ள எஞ்சினாலும் மேலிருந்து நீரை எடுக்க இயலாது.

குழாயில் எங்கே காற்றுப் புகுகிறதென்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, பம்பியின் மேல்துளை வழியே குழாய் நிரம்பும்வரை நீர் விடுக. கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்க. பொருத்து ஒன்றில் நீர் கசிந்தால், ஓடும்போது அவ்விடத்திலேயே காற்றுப் புகும், வோசரை மாற்றுக. வெளியே கசிவின்றி நீர்மட்டம் இறங்கினால் அடியிலுள்ள புட்வால்வு மூடவில்லை. அதிற் சிக்கிய குப்பையை நீக்குக, தேய்ந்த தோல் அல்லது றப்பரை மாற்றுக. புட்வால்வு நீருள் ஓரடியேனும் அமிழ்ந்திருத்தல் வேண்டும். நீரில்லாப் பம்பியை ஓடவிட்டால் அதன் அடைப்பான் சூடேறிக் கருகிவிடும்.

4. கிணற்றினுள் எஞ்சினை இறக்கலாகாது

நீர் கீழிறங்கியதும் சிலர் எஞ்சினையே கிணற்றுப் படியில் இறக்கி வைக்கின்றனர். இது உயிருக்கு ஆபத்தானது. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. கிணற்றில் அது தேங்கி நிற்கும். எஞ்சினை நிறுத்திய பின்னரும் நிற்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். ஒருவரைத் தொடர்ந்து மற்றவராக ஒரே வீட்டார் பலர் இறப்பது இவ்வாறே.

ஒருவர் கிணற்றில் மயங்கிவிடின் எவரும் பின்தொடர்ந்து இறங்கக் கூடாது. அயலவரைக் கூட்டி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியைத் தருவிக்க வேண்டும். ஆழம் மிகுந்த கிணற்றுக்கு நீரில் அமிழும் மின்பம்பியே தக்கது.

5. மண்ணெண்ணெய்ப் பாவனை

1990களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வன்னிக்கு வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை வடபகுதியெங்கும் வழக்கமாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் நன்கு ஆவியாகாது; எஞ்சின் சூடேறிய பின்னரே எரியும் என்பதே அம்முறையின் அடிப்படை.

மண்ணெண்ணெய்க்கென அமைந்த எஞ்சினில் இன்றும் இதுவே விதி. பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டுக. இன்றேல் மறுநாள் தொடக்குதல் கடினமாகும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலிற் கலந்து அதனை நீர்மையாக்குவதால், ஒயில் மாற்றும் காலத்தைப் பாதியாகக் குறைத்தல் நன்று. பெற்றோலுக்கு மட்டுமே அமைந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் விடுவது எஞ்சினைக் கெடுக்கும். 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, முன்னிருந்த செலவுக் குறைவும் பெரிதாக இருக்கவில்லை.

6. இருசில்லு உழவு இயந்திரம்

றே விஜேவர்தனா என்னும் இலங்கைப் பொறியியலாளர் 1950களில் வடிவமைத்த 'லாண்ட்மாஸ்டர்' இயந்திரத்தின் பெயராலேயே இருசில்லு இயந்திரங்களைக் கமக்காரர் பலர் அழைக்கின்றனர். இவ்வகையில் பெரும்பாலானவை தனிச் சிலிண்டர் டீசல் எஞ்சின் பூட்டியவை. அதற்குரிய வீட்டு வேலைகள் மூன்று.

அ. டீசல் முற்றாகத் தீர்ந்து எஞ்சின் நின்றால் குழாயிற் காற்றுப் புகும். தாங்கியை நிரப்பி, வடியின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, குமிழி இன்றி டீசல் வழியும்வரை விட்டு இறுக்குக. விசிறிமுனையின் எதிரே கையை வைக்கலாகாது. மிகுந்த அமுக்கத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்துட் செல்லும்.

ஆ. பெல்ற்றின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம் தாழ வேண்டும். பல பெல்ற்றுகள் சேர்ந்தோடும் இடத்தில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுக.

இ. சேற்றுழவு முடிந்ததும் எஞ்சின் ஆறிய பின்னரே கழுவி, கிரீஸ் இடுக. சூடான நீர்த்தாங்கியிற் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் உலோகம் வெடிக்கும்.

7. காலந்தவறாது செய்ய வேண்டியவை

ஒவ்வொரு நாளும்: ஒயில் மட்டம், நட்டுகளின் இறுக்கம், எண்ணெய்க் கசிவு பார்த்தல்.
25 மணித்தியாலத்துக்கு ஒருமுறை: புழுதி நாட்களில் காற்று வடியைச் சுத்தஞ் செய்தல்.
புதிய எஞ்சினில் முதல் 20 மணித்தியாலத்தின் பின்பும், அதன்மேல் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும்: ஒயில் மாற்றுதல்.
போக முடிவில்: தாங்கியையும் காபரேற்றரையும் வடித்து, உலர்ந்த இடத்தில் மூடி வைத்தல்.

ஓடிய மணித்தியாலங்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் இவற்றைக் காலந்தவறாது செய்யலாம். வடித்த பழைய ஒயிலைக் கிணற்றருகில் ஊற்றக் கூடாது. அது மண்ணூடாக இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும். மூடியுள்ள கலனில் சேர்த்துத் திருத்தகத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். எரிபொருள் நிரப்பும்போது எஞ்சினை நிறுத்தி ஆறவிடுக. சுருட்டு, பீடி, விளக்கு ஆகியன அருகில் இருத்தலாகாது.

8. திருத்தகத்துக்கு விடவேண்டியவை

டீசல் அமுக்கப் பம்பி, விசிறிமுனை, வால்வு, பிஸ்டன் வளையம், பற்சில்லுப் பெட்டி ஆகியவற்றை வீட்டிற் பிரித்தல் தகாது. இவற்றின் இடைவெளிகள் தகுந்த அளவுகருவி கொண்டே அமைக்கத்தக்கவை. இத்தொழிலைக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் நல்வாய்ப்பாகும்.

ஐயம் ஏற்படின் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்கலாம். விதைநெல்லை முன்கூட்டியே தெரிந்து வைப்பது போல, காலபோக மழைக்கு முன்பும் சிறுபோகத் தொடக்கத்திலும் ஒரு நாளை இயந்திரத்துக்கென ஒதுக்கி இச்சோதனைகளைச் செய்து முடிப்பின், நீர் தேவைப்படும் நாளில் இயந்திரம் கைவிடாது.