மலர்த் தொண்டு தரும் பேறு

வைகைக் கரையில், சோழவந்தானுக்கு அருகில் விளங்குவது திருவேடகம். திருஞானசம்பந்தப் பெருமான் வைகையில் இட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்துச் சென்று கரைசேர்ந்த தலம் இது. அப்பெருமானுக்கு நண்பராகும் பேறு பெற்றவர் திருப்புகலூர் முருக நாயனார். அறுபத்து மூவருள் ஒருவராகிய அவர் ஆற்றிய தொண்டு யாது? மலர் கொய்து, மாலை தொடுத்து, இறைவனுக்குச் சாத்தியதே ஆகும்.

வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் அவர் கொய்து வந்தார் என்கிறது பெரியபுராணம். அவருடைய திருமடத்தில் சம்பந்தரும் அப்பரும் தங்கி அளவளாவினர். சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் வந்து கூடினர். பூக்கூடை ஏந்தியவருக்கு அடியார் கூட்டமே சுற்றமாயிற்று. சம்பந்தரின் திருமண நாளில் அவருடன் சோதியில் கலக்கும் பேறும் வாய்த்தது.

அன்பர்களே! நம் கொல்லையில் ஒரு மல்லிகைச் செடி இருப்பினும் இத்தொண்டு நமக்கும் எளிதே. விடியலில் பறித்த அரும்பு மாலையில் மலரும், மறுநாள் வாடிவிடும். சேர்த்து வைக்க இயலாத செல்வம் அது. ஆதலால் வாழைநாரில் தொடுத்து, கோயிலுக்கு ஒரு முழமும் அண்டை வீட்டாருக்கு ஒரு முழமும் அளியுங்கள். பிள்ளைகள் வெளியூரில் வாழ, வீட்டில் தனித்திருக்கும் முதியோர்க்கு, பூக் கொடுக்கச் செல்லும் அந்நடையே நாலு பேரின் நலம் கேட்கும் வாய்ப்பாகும். ஒருநாள் அவர் வாராதிருப்பின், தேடி வந்து கதவைத் தட்டுவோரும் உளராவர்.

பெற்றவர் கையில் மலர் மறுநாள்வரை மணக்கும். கொடுத்தவர் இல்லத்திலோ உறவு நாளும் மணக்கும்.