குவில்லிங்குக்கு அடுத்து என்ன?

கேள்வி: காகிதச் சுருள் சுற்றும் குவில்லிங்கில் கம்மல், ஜிமிக்கி எல்லாம் செய்யப் பழகிவிட்டேன். காகிதத்தில் அடுத்து எதைக் கற்கலாம்? இதையெல்லாம் கலை என்று யாராவது மதிக்கிறார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மதிக்கிறார்கள், தாமதமாக! ஜப்பானின் அகிரா யோஷிசாவா (1911–2005) தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு காகிதம் மடிக்கும் கலையான ஒரிகாமியில் இறங்கியவர். வறுமை அவரை நெடுநாள் விடவில்லை. 1954-இல் வந்த அவரது புத்தகம், புள்ளிக்கோடும் அம்புக்குறியுமாக மடிப்புகளை வரைந்து காட்டியது. இன்றும் ஒரிகாமி புத்தகங்கள் பின்பற்றுவது அந்த முறையைத்தான். ஜப்பானிய மொழி தெரியாதவரும் பார்த்து மடித்துவிடலாம். அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் அவருடைய படைப்புகள் கண்காட்சிக்குப் போயின.

அவர் கண்ட இன்னொரு உத்தி ஈர மடிப்பு. கெட்டித் தாளை லேசாக நனைத்து, விரலால் வளைத்து மடிப்பது. காய்ந்ததும் வளைவு அப்படியே நிற்கும். தட்டையாக இருந்த காகித யானைக்கு முதுகும் வயிறும் வந்தது இப்படித்தான்.

வெட்டுவதில் ஆசை என்றால் மதுராவின் சாஞ்சிக் கலையைப் பாருங்கள். கிருஷ்ண லீலைகளைத் தாளில் நுணுக்கமாக வெட்டியெடுத்து, அதன்மேல் வண்ணப்பொடி தூவிக் கோலமாக இறக்குவார்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ்கூட 1941-இல் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பின், கடைசிக் காலத்தில் தூரிகையைவிடக் கத்தரிக்கோலைத்தான் அதிகம் நம்பினார்.

என் ஓட்டு ஈர மடிப்புக்கே. சுருள் சுற்றிப் பழகிய விரலுக்கு அது சீக்கிரம் வசப்படும். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், நனைந்தால் கிழியும். கெட்டியான டிராயிங் தாள் வாங்குங்கள். ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.