தங்கக் கோடெல்லாம் கின்ட்சுகி ஆகாது

அன்புள்ள கயல்,

யீ சூ-கியுங்கின் பீங்கான் சிற்பங்களைப் பற்றிய உன் கட்டுரை வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் 'கொரியக் கலைஞர் செய்த கின்ட்சுகி' என்று ஒரு வரி எழுதிவிட்டாய். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. உன்னை மட்டும் சொல்லவில்லை. உடைந்த பாண்டத்தில் ஒரு தங்கக் கோடு கண்ணில் பட்டால் போதும், எல்லோரும் உடனே ஜப்பானுக்குப் போய்விடுகிறார்கள். ஆறிய காயம், தழும்பின் அழகு என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பொருளை நின்று பார்ப்பவர் யார்?

கின்ட்சுகியில் ஒரு கிண்ணம் உடைகிறது. பெரும்பாலும் அதே கிண்ணத்தின் துண்டுகளை உருஷி என்கிற மரப்பால் அரக்கால் ஒட்டி, ஈரப்பதத்தில் பல நாள் இறுகவிட்டு, ஒட்டின் மேல் தங்கப் பொடி தூவுகிறார்கள். கிண்ணம் பழையபடி கிண்ணமாகிறது. அதில் தேநீர் குடிக்கலாம். யீ எடுப்பதோ, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பாண்டங்களின் சில்லுகளை. விளிம்போடு விளிம்பு பொருந்தும் இடத்தைத் தேடித் தேடி எபாக்ஸியால் ஒட்டுகிறார். ஒட்டின் மேல் 24 காரட் தங்க ரேக்கு. ஒரு சாடியின் கழுத்து இன்னொரு சாடியின் வயிற்றிலிருந்து முளைக்கும். பச்சைச் செலடான் சில்லுக்குப் பக்கத்திலேயே வெள்ளைப் பீங்கான் புடைத்து நிற்கும். மீட்டெடுக்க இங்கே பழைய உருவம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

இந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் 'மொழிபெயர்க்கப்பட்ட சாடி'. அது பிறந்தது இத்தாலியில். 2001இல் அல்பிசோலா என்னும் ஊரில், ஜோசோன் அரசுக் கால வெள்ளைப் பீங்கானைப் பாடிய ஒரு கொரியக் கவிதையை அங்கிருந்த குயவர் ஒருவரிடம் கொடுத்து, அதை வைத்தே சாடிகள் செய்யச் சொன்னார். பிறகு கொரியாவில் பழைய சாடிகளின் நகல்களைச் செய்யும் தேர்ந்த கைவினைஞர்கள், சூளையிலிருந்து எடுத்தவற்றில் மனதுக்குப் பிடிக்காததை உடைத்துப் போடுவதைப் பார்த்தார். அந்தச் சில்லுகள்தான் அவருடைய மூலப்பொருள். அதாவது அவர் கையில் இருப்பது பொக்கிஷத்தின் மிச்சம் இல்லை. நகலாகக்கூடத் தேறாமல் போனவை. உன் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

இனி நிலாச் சாடிக்கு வருகிறேன். பிடிஎஸ் இசைக்குழுவின் ஆர்எம், குயவர் க்வோன் டே-சுப் செய்த நிலாச் சாடியைக் கட்டிப்பிடித்தபடி 2019இல் வெளியிட்ட படத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வகை வெள்ளை உருண்டைச் சாடிகளைக் கொரியாவில் முதலில் செய்தது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும். அத்தனை பெரிய உருண்டையை ஒரே மூச்சில் திரிகையில் ஏற்றினால் பச்சை மண் தாங்காது, சரிந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களைத் தனித்தனியே வனைந்து, வாயோடு வாய் வைத்து ஒட்டினார்கள். சூளையில் பாரம் கீழே இறங்க, இடுப்பு லேசாகக் கோணும். எந்தச் சாடியும் முழு வட்டமாக இராது. ஓரமாக நின்று பார்த்தால் நடுவில் அந்த ஒட்டு மெல்லிய மேடாகத் தெரியும். அரண்மனைச் சூளையில் வேலை செய்தவர்கள்தான், கயல். கைக்குறை என்று சொல்லவே முடியாது. அந்த மேட்டை அப்படியே விட்டார்கள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். யீயின் தங்கக் கோடு அந்த இடுப்பிலிருந்து வருகிறது. கொரியாவின் மிகப் புகழ்பெற்ற உருவமே இரண்டு பாதிகளைச் சேர்த்த உருவம். அதன் ஒட்டைத் தங்கத்தால் எடுத்துக்காட்டி, இரண்டு பாதியை இருபது, இருநூறு சில்லுகளாக்குகிறார். பக்கத்து நாட்டில் மூலம் தேட வேண்டிய தேவையே இல்லை. இது என் கட்சி. யார் மறுத்தாலும் வாதாடத் தயார்.

ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சின் குயவர் கையேட்டை நான் பலமுறை படித்திருக்கிறேன். 1935இல் சியோலில் அவர் வாங்கிய நிலாச் சாடி, போர்க்காலத்தில் இன்னொரு குயவரான லூசி ரீயிடம் போய், கடைசியில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் என் மனதை விட்டு நீங்காதது ஒசாகாவில் உள்ள இன்னொரு நிலாச் சாடி. எழுத்தாளர் ஷிகா நவோயா நாரா நகரின் தோதாய்-ஜி கோயில் துறவி ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தது. 1995இல் அதைத் திருட வந்தவன் தரையில் போட்டு உடைத்தான். 300க்கும் மேற்பட்ட துண்டுகள். தூளைக்கூட விடாமல் பொறுக்கி எடுத்து, ஒட்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சேர்த்துவிட்டார்கள். இன்று அது ஒசாகாவின் கீழைப் பீங்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கவனி: ஜப்பானில், தங்கம் பூச எல்லா வசதியும் இருந்தும், அங்கே தங்கம் பூசவில்லை. உடைந்ததை ஒட்டுவதில் எத்தனையோ வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நோக்கம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது சோம்பேறித்தனம். அதை நீ பழகிக்கொள்ளக் கூடாது.

அடுத்த முறை யீயின் சிற்பத்தைப் பார்க்கும்போது, டிராகன் வரைந்த சில்லு இருந்தால் அதிலிருந்து தொடங்கு. கின்ட்சுகி செய்த சாடியானால், கோட்டைத் தாண்டியதும் பெரும்பாலும் டிராகனின் உடல் தொடரும். இங்கே கோட்டுக்கு இந்தப் பக்கம் நகம் இருக்கும். அந்தப் பக்கம் வேறொரு சாடியின் பூவிதழோ, வெறும் வெள்ளையோ வந்துவிடும். விரலை வைத்துக் கோடு கோடாகப் போய்ப் பார். பிறகு 2017 வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் அவர் வைத்த 'அதிசய உலகில் ஒன்பது டிராகன்கள்' என்ற சிற்பத்துக்குப் போ. அது ஏறக்குறைய 5 மீட்டர் உயரம். பக்கத்தில் ஆள் நிற்கிற படமாகத் தேடி எடு. தனியாக எடுத்த படங்களில் அது மேசை மேல் வைக்கும் சாமான் போலத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

அன்புடன்,
உன் ஆசிரியை