டி.என்.ஏ. தொடரைக் கணினியில் வாசித்தல்: வெள்ளம் தாங்கும் நெல் ஓர் உதாரணம்

நிறமூர்த்தம், பரம்பரையலகு, விகாரம் ஆகிய மூன்றுக்கும் வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் உங்களில் அநேகர் பிழையின்றி எழுதிவிடுவீர்கள். ஆனால் ஒரு பரம்பரையலகு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை எவ்வாறு அறிகிறார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எமது வயல்களோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகைக் கொண்டே இதனை நோக்குவோம்.

நீரில் மூழ்கும் நெல்

2018 டிசெம்பரில் பெய்த கடும் மழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெரும்போக வயல்கள் வெள்ளத்தில் தாழ்ந்ததையும் உங்கள் வீட்டாரிடம் கேட்டறியலாம். முற்றாக மூழ்கிய நெற்பயிர் பெரும்பாலும் ஒரு வாரமளவில் அழிந்துவிடும். நீருக்குள் அகப்பட்ட பயிர் மேலே வருவதற்காக விரைவாக நீள்கின்றது. அதில் சேமிப்பிலுள்ள காபோவைதரேற்று செலவாகிவிடுவதால் வெள்ளம் வடிந்தபின் நிமிர்வதற்குச் சத்து இருப்பதில்லை.

சில நெல்லினங்கள் இவ்வாறு நீள்வதில்லை. நீருக்குள் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு இருந்து, வெள்ளம் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கின்றன. இந்தியாவின் ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்த எப்.ஆர்.13ஏ என்னும் இனம் இரண்டு வாரமளவு தாக்குப்பிடிக்கும். இலங்கையின் பாரம்பரிய நெல்லினமான குர்க்கருப்பனும் வெள்ளம் தாங்கும் இனங்களுள் ஒன்றாக ஆய்வாளர்களால் குறிப்பிடப்படுகின்றது. பெயரே தமிழ்ப் பெயராக ஒலிப்பதைக் கவனிக்க.

இவ்வியல்புக்குரிய இடம் நெல்லின் 9ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பது 1996இல் அறியப்பட்டது. அவ்விடத்திலுள்ள சப்1ஏ என்னும் பரம்பரையலகே முக்கிய காரணம் என்பது 2006இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியாயிற்று.

இடைவெளி இல்லாத ஏடு

டி.என்.ஏ. தொடர் நான்கு எழுத்துகளாலானது: அடினின் (ஏ), தைமின் (ரி), குவானின் (ஜி), சைற்றோசின் (சி). நெல்லின் 12 நிறமூர்த்தங்களிலும் ஏறத்தாழ 39 கோடி எழுத்துச் சோடிகள் உள்ளன. இவற்றிடையே இடைவெளியுமில்லை, முற்றுப்புள்ளியுமில்லை. கலைப் பட்டதாரியான எனக்கு இது பழைய ஏட்டுச்சுவடியையே நினைவூட்டுகின்றது. புள்ளியும் பந்தி பிரிப்புமின்றி எழுதப்பட்ட ஏடுகளைச் சி.வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடபேதம் குறித்துப் பதிப்பித்தனர். டி.என்.ஏ. மென்பொருள்களைக் கொண்டு செய்யும் வேலையும் அத்தகையதே. எந்தப் பகுதி எதற்குரியது என்று தொடரின்மீது அடையாளமிடுவது குறிப்பிடல் எனப்படும். இரு தொடர்களை வரிக்கு வரி அடுக்கிப் பார்ப்பது ஒப்பீடு எனப்படும்.

யூஜீன், ஆர்ட்டெமிஸ் ஆகியன இதற்கான இலவச மென்பொருள்கள். ஆர்ட்டெமிஸ் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. சாதாரண கணினியில் நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். தொடர்க் கோப்பை மட்டும் ஒருமுறை இணையத்திலிருந்து பெற்று பென்டிரைவில் கொண்டுவந்தால் போதுமானது. பாஸ்ற்றா வகைக் கோப்பின் முதல் வரி > என்ற குறியுடன் தொடங்கும். அவ்வரியில் பெயரும், அடுத்த வரியிலிருந்து எழுத்துகளும் இருக்கும்.

கையால் செய்து பார்ப்போம்

கீழுள்ள தொடர் பயிற்சிக்காக நான் அமைத்தது. உண்மையான நெல்லின் தொடர் அன்று.

ஏரிஜி ஜிசிஏ ரிசிஜி ஏஏஜி ரிஏஏ

மும்மூன்று எழுத்துகளாக வாசிக்க வேண்டும். ஏரிஜி தொடக்கக் குறி. அது மெதியோனீன் என்னும் அமினோவமிலத்தையும் குறிக்கும். ஜிசிஏ அலனீன், ரிசிஜி செரீன், ஏஏஜி லைசீன். ரிஏஏ நிறுத்தற் குறி. (ரிஏஜி, ரிஜிஏ என்பனவும் நிறுத்தற் குறிகளே.) தொடக்கத்திலிருந்து நிறுத்தம் வரையுள்ள பகுதி திறந்த வாசிப்புச் சட்டகம் எனப்படும்.

எந்த எழுத்திலிருந்து மும்மூன்றாகப் பிரிப்பது? ஒரு பட்டிகையில் மூன்று விதமாகப் பிரிக்கலாம். எதிர்ப் பட்டிகையிலும் மூன்று, மொத்தம் ஆறு. மென்பொருள் ஆறையும் நொடியில் வாசித்து, சட்டகங்களை நிறப் பட்டைகளாகக் காட்டும். எமது தொடரின் எதிர்ப் பட்டிகையை எழுதிப் பாருங்கள்:

ரிரிஏசிரிரிசிஜிஏரிஜிசிசிஏரி

இதற்குள்ளும் ஓர் ஏரிஜி இருக்கின்றது! ஆனால் அதன்பின் நிறுத்தற் குறி வருமுன் தொடர் முடிந்துவிடுகின்றது. ஏரிஜி கண்ட இடமெல்லாம் பரம்பரையலகு என்று மாணவர்கள் விடை எழுதுவது பெருந்தவறு. இதனாற்றான் சட்டகத்தின் ஆகக் குறைந்த நீளத்தை நாமே மென்பொருளில் குறிப்பிட வேண்டியுள்ளது. நெல் போன்ற உயர் தாவரங்களில் பரம்பரையலகின் இடையே புரதத்துக்கு உதவாத பகுதிகளும் வரலாம் என்பதால் வேலை இன்னும் சிக்கலானது.

ஓர் எழுத்து மாறினால்

பயிற்சித் தொடரில் ரிசிஜி என்பதைச் சிசிஜி என்று மாற்றுங்கள். செரீன் போய் புரோலீன் வந்துவிடும். சப்1ஏயிலும் இதே மாற்றம் காணப்பட்டது. வெள்ளம் தாங்கும் வடிவத்தில் 186ஆவது அமினோவமிலம் செரீன்; தாங்காத வடிவத்தில் புரோலீன். இரு தொடர்களையும் ஒப்பீட்டுச் சாளரத்தில் அடுக்கினால் அந்த இடம் நிறம் மாறித் தெரியும்.

இன்னுமொரு விடயம் இதைவிடச் சுவையானது. 2005இல் முழுமையாக வெளியிடப்பட்ட நெல்லின் தொடர் யப்பானின் நிப்பொன்பாரே இனத்துக்குரியது. அவ்வினத்தில் சப்1ஏ அறவே இல்லை! அந்தத் தொடரை மட்டும் எத்தனை தடவை கணினியில் புரட்டினாலும் இப்பரம்பரையலகு அகப்பட்டிராது. வேறு இனங்களின் விதைகள் பாதுகாக்கப்பட்டிருந்தமையாலேயே அது கிடைத்தது.

ஒப்பீடு வேறுபாட்டைக் காட்டுமேயன்றி, அவ்வேறுபாட்டின் விளைவைச் சொல்லாது. ஆய்வாளர்கள் தாங்காத நெல்லொன்றில் சப்1ஏயைப் புகுத்தி, நீரில் மூழ்கடித்து, அது பிழைப்பதைக் கண்ட பின்னரே முடிவுக்கு வந்தனர். வழமையான கலப்பு முறையில் இவ்வியல்பு சேர்க்கப்பட்ட சுவர்ணா-சப்1 நெல் 2009இல் இந்தியாவில் விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. ஆயினும் இரு வாரங்களுக்கு மேலாக நிற்கும் வெள்ளத்தை இதுவும் தாங்குவது அரிது.

பயிற்சி வினாக்கள்

1. ஏரிஜி சிசிஜி ஏஏஏ ரிஜிஏ என்னும் தொடரில் நிறுத்தற் குறிக்கு முன் எத்தனை அமினோவமிலங்கள் குறிக்கப்படுகின்றன?

2. அதன் எதிர்ப் பட்டிகையை எழுதுக. அதில் தொடக்கக் குறி உண்டா?

3. முதலாம் தொடரில் நான்காவது எழுத்து ரி ஆக மாறினால் புரதத்தில் ஏற்படும் மாற்றம் யாது?

4. மூழ்கிய நெல் விரைவாக நீள்வது அதற்கு ஏன் பாதகமானது? (இரண்டு வாக்கியங்களில் விடை தருக.)