கோழிகளிடையே ஒரு வாத்து: அகிம்சை அணுவிரதப் பாடம்

கொல்லாமையே தலையாய அறம் என்பதை நம் இல்லங்களில் சிறு குழந்தையும் அறியும். உயிரைக் கொல்லாதிருத்தல் அவ்வறத்தின் தொடக்கம். நம் கைக்கு வந்துசேர்ந்த உயிரை அதன் இயல்பறிந்து காத்தல் அதன் நிறைவு. இவ்விரண்டிற்கும் இடையே எத்துணைத் தொலைவு உண்டு என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு வாத்து. அதனை முன்னிட்டு, இல்லறத்தார்க்கு உரிய அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை இப்பாடத்தில் சிந்திப்போம்.

வளர்ப்பும் அடைக்கலமும்

வட தமிழகத்தில் நெல் அறுவடை முடிந்ததும், தாள் நிற்கும் வயல்களில் வாத்து மந்தைகளை ஓட்டிவந்து மேய்ப்பது வழக்கம். சிந்திய நெல்லையும் நத்தைகளையும் மேய்ந்தபின் மந்தை அடுத்த ஊருக்கு நகரும். நடக்கமாட்டாத ஒன்றிரண்டு பின்தங்கிவிடுவதும் உண்டு. அவ்வாறு வரப்போரம் தனித்துக் கிடந்த ஓர் இளங்குஞ்சைப் பிள்ளைகள் எம் இல்லத்திற்கு எடுத்து வந்தனர். அப்பொழுது எம் கொல்லையில் நான்கு பெட்டைக் கோழிகள் இருந்தன. நேர்த்திக்கடனுக்கென விலைக்கு வந்தவற்றை மீட்டு வைத்திருந்தோம்.

பொழுதுபோக்கிற்காகவோ வருவாய்க்காகவோ பறவைகளை வாங்கி வளர்ப்பதை நம் முன்னோர் விரும்பியதில்லை. ஆயினும், ஆதரவற்று வாயிலில் நிற்கும் உயிரைத் திருப்பி அனுப்புதலும் அறமாகாது. ஆகவே வளர்ப்பு வேறு, அடைக்கலம் வேறு என்று கொள்ளல் வேண்டும். அடைக்கலம் தந்தபின் அவ்வுயிரின் சுகதுக்கங்களுக்கு நாமும் ஒருவகையில் பொறுப்பாளர் ஆகின்றோம்.

கோழியை எளிய உயிர் என இகழ்வதற்கும் நமக்கு உரிமையில்லை. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, இறுதியில் கோழிகளாகவே பிறந்து அறவுரை கேட்டு நற்கதிக்குத் திரும்பிய வரலாற்றை யசோதர காவியம் கூறுகின்றது. முட்டையில் தோன்றும் பறவைகள் ஐம்பொறியும் உடையவை. அவற்றுள்ளும் நம்மைப்போல் ஓர் ஆன்மா பயணம் செய்கின்றது.

எமக்கு நேர்ந்த பிழை

குஞ்சு வந்த நாள் முதல் கடையில் விற்கும் கோழிக்குஞ்சுத் தீவனத்தையே அதற்கும் இட்டோம். வயிறு நிரம்பவே உண்டது. ஆனால் சில வாரங்களில் அதன் கால்கள் வில்போல் வளைந்தன. கால் மூட்டுகள் வீங்கின. எழுந்து நிற்க முயன்று விழும். விழுந்ததைக் கோழிகள் கொத்தும். எங்கோ இடறி விழுந்து அடிபட்டிருக்கும் என்று எண்ணி மஞ்சளும் எண்ணெயும் தடவினோம். "அதன் வினை" என்று கூறி அமைதியும் கொண்டோம். இவ்வாறு பத்து நாட்கள் கழிந்தன.

பின்னர்க் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றபோது அவர் காலைப் பார்க்குமுன் கேட்ட முதல் கேள்வி, "என்ன தீவனம் இடுகிறீர்கள்?" என்பதே. வாத்துக்குஞ்சிற்கு 'பி3' எனப்படும் நையாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக்குஞ்சைவிட மிகுதியாக வேண்டும். முட்டைக்கோழிக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 27 மில்லிகிராம் போதும். வாத்துக்குஞ்சுக்கோ சுமார் 55 மில்லிகிராம் தேவை. இது குறைந்தால் காலெலும்பு வளைந்து நடை கெடும். மருந்தின் பயனால் எம் வாத்து மீண்டும் நடந்தது. ஆனால் அதன் இடக்கால் இன்றும் நேராகவில்லை. பத்து நாட்கள் முன்னரே சென்றிருந்தால் நேராகியிருக்கலாம்.

யாம் அதனை அடித்தோமில்லை, பட்டினி இட்டோமில்லை. எனினும் அதற்கு வேண்டிய உணவு எம்மால் மறுக்கப்பட்டது. உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், பிரமாதத்தோடு கூடிய செயலால் பிராணனுக்கு ஊறு செய்தல் என்றே குறிக்கின்றது. பிரமாதமாவது விழிப்பின்மை. அறியாததை அறிய முயலாமல், வினையின்மேல் பழியைச் சுமத்தி வாளாவிருந்தோமே, அதுவும் பிரமாதமே. வினைக்கொள்கை பிற உயிரின் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்குக் கூறப்பட்டதன்று.

ஐந்து அதிசாரங்கள்

விரதம் முற்றும் முறியாவிடினும் அதற்கு இழுக்கு உண்டாக்கும் மீறல்களே அதிசாரங்கள். அகிம்சை அணுவிரதத்திற்குக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என ஐந்தினை ஆன்றோர் வகுத்தனர். ஏர்மாட்டையும் வண்டிமாட்டையும் கொண்டே இவற்றை விளக்குவது வழக்கம். இங்கு வாத்தினைக் கொண்டு காண்போம்.

1. கட்டுதல் (பந்தம்): வாத்தின் காலில் கயிறு கட்டுதல் கூடாது. பஞ்சாரத்தில் பகல் முழுதும் கவிழ்த்து வைத்தலும் அவ்வாறே. ஆனால் கீரி, நாய், காட்டுப்பூனை ஆகியவற்றினின்று காக்க இரவில் கூட்டில் அடைத்தல் கடமை. பொழுது சாயக் கோழிகள் தாமே கூடு திரும்பும். வாத்து பெரும்பாலும் அவ்வாறு வாராது. நாள்தோறும் பொறுமையுடன் ஓட்டிவந்து பழக்க வேண்டும். கோழி கழியின்மேல் ஏறி உறங்கும். வாத்து தரையில் உறங்கும். ஆதலால் கோழிகள் அமரும் கழியின் நேர்கீழே வாத்தினைக் கிடத்தினால் இரவெல்லாம் எச்சம் அதன்மேல் விழும். ஒரு மூலையில் உலர்ந்த வைக்கோல் பரப்பி அதற்கெனத் தனியிடம் தருதல் நலம். வாத்து கூட்டமாக வாழும் இயல்பினது. கோழிகளின் துணை அதற்கு ஓரளவே ஆறுதல் தரும். தன்னினத் துணை ஒன்று கிடைப்பின் மிக நன்று.

2. அடித்தல் (வதம்): கோலால் அடித்து ஓட்டுதல், பிள்ளைகள் விளையாட்டாகத் துரத்துதல் இரண்டும் இதன்பாற்படும். வாத்தினைக் காலைப் பிடித்தோ சிறகைப் பிடித்தோ தூக்கலாகாது. நீந்துதற்கு அமைந்த அதன் கால்கள் எளிதில் பிசகும். இரு கைகளாலும் சிறகோடு உடலை அணைத்து, அடியில் கைகொடுத்துத் தூக்குதலே முறை. கரடுமுரடான தரையில் எந்நேரமும் நடந்தால் அடிப்பாதம் புண்ணாகிச் சீழ்பிடிக்கும். மண்தரையோ புல்தரையோ அதற்கு ஏற்றது.

3. உறுப்பறுத்தல் (சேதம்): பறந்து போகாதிருக்கச் சிறகின் நுனியெலும்பை நறுக்குதலும், கொத்தாதிருக்க அலகை வெட்டுதலும் இதில் அடங்கும். நாட்டில் வளர்க்கப்படும் வாத்துகள் பெரும்பாலும் உடல் பருத்தவை, நெடுந்தொலைவு பறக்கமாட்டா. அறுப்பதற்குத் தேவையே இல்லை. கொத்துதல் மிகுந்தால் அலகைக் குறைப்பதைவிட இடத்தைப் பெருக்குதலே அறிவுடைமை.

4. மிகுபாரம் ஏற்றுதல் (அதிபாராரோபணம்): பறவையின் முதுகில் யார் சுமை ஏற்றுவர் என்று வினவலாம். சிறிய கூட்டில் பல உயிர்களை அடைப்பதும் பாரமே. வாத்து முட்டையைக் கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்யும் வழக்கம் சிற்றூர்களில் உண்டு. கோழிமுட்டை 21 நாட்களில் பொரியும். வாத்து முட்டைக்கு 28 நாட்கள் வேண்டும். உண்ணவும் பருகவும் குறுகிய பொழுதே எழுந்து, மெலிந்து அடைகாக்கும் தாய்க்கோழியின்மேல் மேலும் ஒரு வாரச் சுமையை ஏற்றுகின்றோம். பின்னர்க் குஞ்சுகள் நீரைக் கண்டதும் இறங்கிவிட, தாய்க்கோழி கரையில் நின்று பதறிக் கூவும். அப்பதற்றத்தைக் கண்டு நகைத்தல் நமக்குத் தகாது.

கோழிகளிடையே ஆண்வாத்தினைத் தனியே விடுதலும் இவ்வகையினதே. அது பெட்டைக் கோழிகளை நெருக்கிக் கழுத்திலும் முதுகிலும் காயமும், உடலினுள் ஊறும் விளைவிக்கும். வளர்ந்த பெண்வாத்து உரக்கக் கத்தும். ஆணின் குரல் கம்மியிருக்கும். அதன் வாலில் சுருண்ட இறகுகள் தோன்றும். இக்குறிகளால் அறிந்து ஆணைத் தனித் தடுப்பில் வைத்தல் வேண்டும்.

5. உணவும் நீரும் தடுத்தல் (அன்னபான நிரோதம்): எமது பிழை இதன்பாற்பட்டது. ஆகவே இதனைச் சற்று விரித்துரைப்போம்.

நீரும் உணவும்

கோழிக்கு வைக்கும் ஆழமற்ற நீர்க்கலம் வாத்திற்குப் போதாது. தலை முழுதும் அமிழும் ஆழம் வேண்டும். அவ்வாறு அமிழ்த்தியே அது கண்களையும் மூக்குத்துளைகளையும் தூய்மை செய்துகொள்கின்றது. இயலாதபோது கண் ஒட்டிப் புண்ணாகும். உலர்ந்த தீவனத்தை நீரின்றி உண்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே தீவனம் உள்ள இடத்தில் நீரும் இருத்தல் வேண்டும். கூட்டினுள் இரவில் நீர் வைத்தால் தரை நனைந்து கோழிகளுக்கு நோய் தரும். எனவே மாலையில் அடைக்குமுன் உணவும் நீரும் நிறையக் கொடுத்து, விடியற்காலையில் தவறாது திறந்துவிட வேண்டும்.

குளிப்பதற்கு ஓர் அகன்ற தொட்டி போதும். அதனைக் கோழிகள் கிளறும் இடத்தினின்று விலக்கி, மணல் பரப்பிய பகுதியில் வைக்கலாம். நீரை வடிகட்டி ஊற்றி நாள்தோறும் மாற்றுதல் நன்று. தேங்கி நாறிய நீரில் நச்சு உண்டாகிப் பறவையின் கழுத்தும் காலும் செயலிழப்பதுண்டு. நாட்கணக்கில் தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் தோன்றும். பின் அதனைக் கொட்டுவதாலும் உயிர்க்கேடு நேரும். நாள்தோறும் மாற்றுபவர் இவ்விரு தீங்கினையும் தவிர்க்கின்றார். மாற்றிய நீர் தென்னைக்கும் வாழைக்கும் உரமாகும்.

மிக இளங்குஞ்சுகளை ஆழ்ந்த நீரில் நெடுநேரம் விடலாகாது. தாய்வாத்து உடனில்லாத குஞ்சின் மென்தூவி எளிதில் நனைந்து குளிர் தாக்கும். வளர்ந்தபின் வால்மூலத்தில் ஊறும் எண்ணெயைத் தானே அலகால் இறகுகளில் பூசிக்கொள்ளும்.

உணவில் தவிடு, நொய், பச்சைப்பட்டாணி, நறுக்கிய கீரை ஆகியவை கொடுக்கலாம். வளரும் குஞ்சிற்கு நையாசின் தனியே சேர்த்தல் வேண்டும். உலர்ந்த ஈஸ்ட் தூளில் அது மிகுதி. அதனைப் பயன்படுத்தத் தயங்குவோர் மருத்துவர் குறிக்கும் அளவில் மாத்திரையாகவே தரலாம். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. குஞ்சுக்கும் ஆண்வாத்துக்கும் அது சிறுநீரகத்திற்குக் கேடு. மருந்து கலந்த கோழித்தீவனங்களை மருத்துவரைக் கேளாமல் வாத்திற்கு இடலாகாது.

கடலைப் பிண்ணாக்கு பூஞ்சை பிடித்திருந்தால் ஒருபோதும் கொடுக்கலாகாது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கை உண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன, வாத்துக்குஞ்சுகளும் மாண்டன. அப்பூஞ்சை நஞ்சிற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். அதனால் மிக எளிதில் தாக்குண்பனவற்றுள் வாத்துக்குஞ்சும் ஒன்று.

வாத்து புழுவையும் நத்தையையும் தேடி உண்ணுமே, அதற்கு என்ன செய்வது என்று நம் அன்பர்கள் கேட்பர். அது விலங்குகதியின் இயல்பு. அதனை நாம் ஏவுவதில்லை. உயிருள்ள இரையை நம் கையால் இடுவதுமில்லை. வயிறார மரக்கறி உணவு இட்டு, அதன் தேட்டத்தைக் குறைத்தல் ஒன்றே நம்மால் இயல்வது.

நோயும் பெருக்கமும்

புதிதாக வந்த பறவையை இரண்டு மூன்று வாரங்கள் தனியே வைத்துப் பார்த்தபின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். சில நோய்களை வாத்து தான் நோயுறாமலே சுமந்து கோழிகளுக்குப் பரப்பவல்லது. 2006-ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில் தோன்றி இந்தியாவிற்கு அறிமுகமான பறவைக் காய்ச்சலும் அத்தகையது. பறவைகள் திடீரென மடிந்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். பறவைகளைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்பிட்டுக் கைகழுவுதல் கட்டாயம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பின் முட்டைகள் பொரிந்து உயிர்கள் பெருகும். பெருகியவற்றைக் காக்க இடமின்றிப் பிறர்க்குக் கொடுத்தால் அவை எங்கே சென்று முடியும் என்பதை நாம் அறிவோம். ஆதலின் துணைக்கு மற்றொன்றைச் சேர்க்கும்போது பெண்ணுக்குப் பெண்ணையே சேர்த்தல் தக்கது. ஒரு வாத்து பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். அத்தனை ஆண்டுகள் காக்க இயலுமா என்பதை அடைக்கலம் தருமுன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவாக

கோழிக்கு நல்லதே வாத்திற்கும் நல்லது என்று எண்ணினோம். ஒரு கால் வளைந்தது. உயிர்கள் யாவும் ஆன்மாவால் ஒத்தவை. உடலின் தேவையாலோ வேறுபட்டவை. ஒப்புமையை உணர்தல் கருணை. வேறுபாட்டை அறிதல் ஞானம். இரண்டும் கூடி நடக்கும் ஒழுக்கமே நமக்கு வேண்டுவது. எம் வாத்து சாய்ந்து சாய்ந்து நடந்து நீர்த்தொட்டியை அடையும்போதெல்லாம் இப்பாடத்தை யாம் மீண்டும் படிக்கின்றோம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள் யாவை? உங்கள் இல்லத்தில் உள்ள பசுவையோ நாயையோ கொண்டு ஒவ்வொன்றையும் விளக்குக.
2. வளர்ப்பிற்கும் அடைக்கலத்திற்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. "அதன் வினை" என்று கூறி ஒதுங்குதல் ஏன் பிரமாதம் ஆகின்றது?

உயிர்கள் யாவும் இன்புறுக! அறம் ஓங்குக!