அடுத்த டிரஸ்டி நீங்கள்தானா? குடும்ப டிரஸ்ட்டை ஏற்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை

வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தால், பதிவு செய்த ஒரு டிரஸ்ட் பத்திரம் இருக்கிறது. "எனக்குப் பிறகு என் மகன் டிரஸ்டியாக இருந்து நடத்த வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த மகன் நீங்கள்தான் என்றால், அடுத்து என்ன செய்வீர்கள்? யாரைக் கேட்பீர்கள்? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் என்ன வழி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விளக்கம். டிரஸ்ட் என்றதும் பலருக்கும் கோயிலோ அன்னதானமோதான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல. தன் குடும்பத்தில் குறிப்பிட்ட சிலரின் நலனுக்காக ஒருவர் ஏற்படுத்தும் தனியார் டிரஸ்ட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். இதற்கான சட்டம் 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். கோயில், தர்ம காரியம், வக்ஃப் ஆகியவற்றுக்குச் சட்டம் வேறு.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்

அப்பா, மகள், மகன். மகளுக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தனக்குப் பிறகு மகளின் சாப்பாடு, மருந்து, பராமரிப்பு தடைபடக் கூடாது என்று அப்பா நினைத்தார். மூன்று போர்ஷன் கொண்ட வாடகை வீட்டையும், வங்கியில் ஒரு வைப்புத் தொகையையும் மகளுக்காக டிரஸ்ட்டாக எழுதிவைத்தார். உயிரோடு இருக்கும்வரை தானே டிரஸ்டி. அதன் பிறகு மகனும் தாய்மாமாவும் சேர்ந்து டிரஸ்டிகள் என்று பத்திரத்தில் குறிப்பிட்டார். இங்கே மகள்தான் பயனாளி. தம்பியும் மாமாவும் அடுத்து வரும் டிரஸ்டிகள். இந்தக் குடும்பத்தை மனதில் வைத்தே மேலே படியுங்கள்.

பாடம் 1: வாரிசு வேறு, டிரஸ்டி வேறு

"வீடு அப்பா பேர்லதானே இருந்துச்சு, அப்ப எங்களுக்குத்தானே வரும்?" பல வீடுகளில் சிக்கல் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். டிரஸ்ட்டில் வைத்த சொத்து, டிரஸ்டியின் சொந்தச் சொத்து அல்ல. அவர் இறந்தால் அது அவருடைய வாரிசுகளுக்குப் பாகமாகப் பிரியாது. பயனாளிக்காக அதை நிர்வகிக்கும் பொறுப்பு அடுத்த டிரஸ்டியிடம் போகும், அவ்வளவுதான்.

அதனால் வாரிசு சான்றிதழை வைத்துக்கொண்டு டிரஸ்ட் வீட்டின் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காதீர்கள். உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பட்டா உங்கள் சொந்தப் பெயரில் வந்துவிட்டால், நாளை உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் அதைச் சொந்த வீடு என்றே நம்புவார்கள். அக்காவுக்காக அப்பா எழுதிவைத்தது காகிதத்தில் மட்டுமே மிஞ்சும். பட்டா மாற்ற வேண்டியிருந்தால் டிரஸ்ட் பத்திரத்தை இணைத்து, டிரஸ்டி என்ற தகுதியைக் குறிப்பிட்டே விண்ணப்பியுங்கள்.

பாடம் 2: ஏற்பதற்கு முன் யோசியுங்கள்

பத்திரத்தில் பெயர் இருப்பதாலேயே நீங்கள் டிரஸ்டியாகியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் நியாயமான காலத்துக்குள் மறுத்துவிடலாம். அதை எழுத்தில் கொடுப்பது நல்லது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கையெழுத்துதான் போட வேண்டும் என்பதில்லை. டிரஸ்டி போல நடந்துகொண்டாலே ஏற்றுக்கொண்டதாகக் கருத இடம் உண்டு. டிரஸ்ட் வீட்டு வாடகையை டிரஸ்டியாக வசூலிக்கத் தொடங்குவதும் அப்படித்தான். ஏற்ற பிறகு நினைத்தபோது விலக முடியாது. பத்திரத்திலேயே அதற்கு வழி சொல்லியிருக்க வேண்டும். அல்லது நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். அல்லது ஒப்பந்தம் செய்யும் தகுதியுள்ள பயனாளி சம்மதிக்க வேண்டும். நம் உதாரணத்தில் அக்காவால் அப்படிச் சம்மதம் தர முடியாமல் போகலாம். ஆகவே "முதல்ல ஏத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று இறங்காதீர்கள்.

பாடம் 3: முதல் ஒரு மாதத்தில் செய்ய வேண்டியவை

டிரஸ்ட் சொத்தின் நிலையைத் தெரிந்துகொள்வதும் பாதுகாப்பதும் டிரஸ்டியின் கடமை. இதில் பாதி வேலையைக் கைபேசியிலேயே முடிக்கலாம்.

1. பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். பயனாளி யார், எந்தெந்தச் செலவு செய்யலாம், சொத்தை விற்கும் அதிகாரம் உண்டா, டிரஸ்டிகள் எத்தனை பேர் என்று தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பத்திரம் பதிவானதா என்று பாருங்கள். வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தில் டிரஸ்ட் ஏற்படுத்த, கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அல்லது உயில் மூலம் ஏற்படுத்தியிருக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், எதையும் செய்யும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

3. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தைப் பாருங்கள். அடமானமோ, விற்பனையோ, வேறு பதிவோ நடந்திருந்தால் தெரியவரும். மூலப் பத்திரம் கிடைக்காவிட்டால், பத்திர எண், ஆண்டு, சார் பதிவாளர் அலுவலகம் ஆகிய விவரங்களுடன் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

4. இறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பத்திர நகல், அடையாள ஆவணங்களுடன் வங்கிக்குப் போய், டிரஸ்ட் கணக்கில் டிரஸ்டிகளின் பெயரை மாற்றித்தரக் கேளுங்கள்.

5. வாடகைதாரர்களுக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். வாடகை டிரஸ்ட் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். "இந்த மாசம் என் ஜிபே நம்பருக்கே போட்டுடுங்க" என்று ஒரு மாதம்கூடச் சொல்லாதீர்கள். சொந்தப் பணமும் டிரஸ்ட் பணமும் கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

6. வரவு செலவுக் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். ரசீதுகளைப் படம் எடுத்து வைத்தாலும் அசலைத் தூக்கிப் போடாதீர்கள். டிரஸ்ட்டின் பான் எண், வருமான வரிக் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பயனாளிக்கும் எவ்வளவு பங்கு என்று பத்திரத்தில் குறிப்பிடாத டிரஸ்ட்டுகளுக்கு உச்ச வரி விகிதம் பொருந்த வாய்ப்பு உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாடம் 4: டிரஸ்டி செய்யக் கூடாதவை

தனியாக முடிவெடுப்பது. இரண்டு டிரஸ்டிகள் இருந்தால், பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, இருவரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும். "மாமா வெளியூர்ல இருக்காரு, நானே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றால் செல்லாது.

சம்பளம் எடுப்பது. பத்திரத்தில் சொல்லியிருந்தாலோ, ஒப்பந்தத்தில் இருந்தாலோ, நீதிமன்றம் அனுமதித்தாலோ தவிர உழைப்புக்குக் கூலி கேட்க முடியாது. ஆனால் டிரஸ்ட்டுக்காக முறையாகச் செய்த செலவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டிரஸ்ட் வேலைக்காகக் கொடுத்த வழக்கறிஞர் கட்டணமும் இதில் சேரும். டிரஸ்டிகளுக்குள் சொந்தச் சண்டை என்றால் அந்தச் செலவு அவரவர் பையிலிருந்துதான்.

தானே வாங்கிக்கொள்வது. டிரஸ்ட் வீட்டை விற்கும் பொறுப்பில் இருப்பவர் அதைத் தானே வாங்கக் கூடாது. பினாமி மூலமும் கூடாது.

பணத்தைச் சுழற்றுவது. டிரஸ்ட் பணத்தைப் பத்திரம் அனுமதித்த வகையிலும், மத்திய அரசு குறிப்பிட்டுள்ள வகைகளிலும்தான் முதலீடு செய்யலாம். தெரிந்தவருக்குக் கைமாற்று, ஊர்ச் சீட்டு எல்லாம் கூடாது.

நீண்ட குத்தகை விடுவது. 21 ஆண்டுகளுக்கு மேல் குத்தகை விட நீதிமன்ற அனுமதி வேண்டும்.

விதியை மீறியதால் டிரஸ்ட்டுக்கு நட்டம் ஏற்பட்டால் டிரஸ்டி சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டிவரும். நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆவது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

பாடம் 5: முந்தைய டிரஸ்டி தவறு செய்திருந்தால்?

பழைய கணக்கைப் புரட்டும்போது வைப்புத் தொகையில் ஒரு பகுதியைக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். "இதுக்கு நான்தான் பதில் சொல்லணுமா?" என்ற பயம் வரும். பயப்பட வேண்டாம். முன்பு இருந்தவர் செய்த தவறுக்கு, அவருக்கு அடுத்து வந்தார் என்பதற்காகவே ஒருவர் பொறுப்பாக மாட்டார். இதை டிரஸ்ட் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் தெரிந்த பிறகு மௌனமாக இருக்கக் கூடாது. சொத்தைக் காப்பது உங்கள் கடமை. என்ன இருந்தது, என்ன இல்லை என்று தேதியிட்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்து, இன்னொரு டிரஸ்டியிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு சட்ட ஆலோசனைக்குப் போங்கள்.

பாடம் 6: சட்ட உதவி எங்கே கிடைக்கும்?

இலவச சட்ட உதவி: சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் கீழ் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்க்கப்படும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ, வட்ட அளவிலான சட்டப் பணிகள் குழுவையோ அணுகுங்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் வழி கேட்கலாம். நம் உதாரணத்தில் அக்கா, பெண் என்ற முறையிலும் மாற்றுத்திறனாளி என்ற முறையிலும் தகுதி பெறுகிறார். தம்பிக்குத் தகுதி இல்லாமல் போனாலும், அக்காவின் உரிமைக்காக உதவி கேட்கலாம்.

நீதிமன்றத்திடமே ஆலோசனை: இது பலருக்குத் தெரியாத வழி. டிரஸ்ட் நிர்வாகத்தில் சந்தேகம் வந்தால், வழக்குத் தொடராமலேயே ஒரு மனு மூலம் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க 34-ஆவது பிரிவு டிரஸ்டிக்கு உரிமை தருகிறது. முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தில், பெரும்பாலும் மாவட்ட நீதிமன்றத்தில், இந்த மனுவைத் தாக்கல் செய்யலாம். உண்மைகளை ஒளிக்காமல் சொல்லி, நீதிமன்றம் சொன்னபடி நடந்தால், அந்த விஷயத்தில் உங்கள் கடமையைச் செய்ததாகவே சட்டம் கருதும். பழுதான வீட்டை இடித்துக் கட்டலாமா, பத்திரத்தில் ஒரு வரிக்கு என்ன பொருள் போன்ற கேள்விகளுக்கு இது கைகொடுக்கும். விரிவான விசாரணை தேவைப்படும் பெரிய தகராறுகளுக்கு இது பொருந்தாது.

அடுத்த டிரஸ்டி யாரும் இல்லையென்றால்: பத்திரத்தில் நியமன அதிகாரம் பெற்றவர் புதியவரை எழுத்து மூலம் நியமிக்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் மீதமுள்ள டிரஸ்டிகள் நியமிக்கலாம். அதுவும் முடியாதபோது, பயனாளியின் சார்பில் நீதிமன்றத்தில் மனு செய்து டிரஸ்டியை நியமிக்கக் கேட்கலாம்.

குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க: வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்குப் பிரச்சினையைக் கொண்டுபோகலாம். அங்கே சமரசமாகும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. ஆகவே பயனாளிக்குப் பாதகமான எந்த வரிக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

காப்பாளர் நியமனம்: டிரஸ்டி சொத்தைப் பார்ப்பார், பயனாளி சார்பில் முடிவெடுத்துக் கையெழுத்திட யார்? ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் சட்டப்படி காப்பாளர் நியமிக்க, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி: டிரஸ்ட் கணக்கில் ரூ.40,000 சும்மா கிடக்கிறது. என் மகளின் காலேஜ் பீஸுக்கு எடுத்து, இரண்டு மாதத்தில் திருப்பிப் போடலாமா?
பதில்: கூடாது. திருப்பிப் போட்டாலும் தவறு தவறுதான்.

கேள்வி: பயனாளியின் பராமரிப்பாளர் கணக்கைக் காட்டச் சொல்கிறார். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபம் வருகிறது.
பதில்: கோபப்பட வேண்டாம். பத்திரத்தையும் கணக்கையும் பார்க்கவும் நகல் எடுக்கவும் பயனாளிக்கு உரிமை உண்டு. காப்பாளர் நியமனமாகியிருந்தால் அவர் மூலம் அக்கா அதைக் கேட்கலாம். ஒழுங்காக எழுதிய கணக்கு உங்களுக்கும்தான் பாதுகாப்பு.

கேள்வி: மாமா வயதாகி, இனி முடியாது என்கிறார். வாயால் சொன்னால் போதுமா?
பதில்: போதாது. பத்திரத்தில் விலகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் டிரஸ்ட் பத்திரம் இருக்கிறதா, அதில் அடுத்த டிரஸ்டியாக யார் பெயர் இருக்கிறது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்திர எண்ணையும் சார் பதிவாளர் அலுவலகத்தின் பெயரையும் கைபேசியில் குறித்து வையுங்கள். அந்தப் பத்திரத்தை நம்பி வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால், அவருக்கு அடுத்த மாத மருந்து தடையில்லாமல் கிடைக்க அந்த இரண்டு வரிக் குறிப்பு உதவும்.