சைக்கிளில் மின் மோட்டார்: அச்சைக் கவனிப்போம்

வீடு தேடிச் சரக்கு அனுப்புவது இன்று மளிகைக் கடைக்குத் தவிர்க்க முடியாத வேலை. பெட்ரோல் செலவைக் கருதி, கடையில் உள்ள சைக்கிளுக்கே மின் மோட்டார் பொருத்த உறுப்பினர் பலர் விரும்புகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பொருத்துவதில் தவறு நேர்ந்தால் அடிபடுபவர் முதலாளி அல்லர். சைக்கிளை ஓட்டும் பணியாளர்.

நமக்குத் தெரிந்த கடை ஒன்றில் முன் சக்கரத்தில் மோட்டார் பொருத்தி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 25 கிலோ அரிசிச் சிப்பத்துடன் மேடு ஏறும்போது சக்கரம் போர்க்கிலிருந்து கழன்றது. ஓட்டியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மோட்டாரிலோ பேட்டரியிலோ குறையில்லை. நட்டு தளர்ந்து, அச்சு தன் இடத்திலேயே சுழன்றதுதான் காரணம்.

ஏன் இப்படி ஆகிறது? சாதாரணச் சக்கரத்தின் அச்சு சுமையை மட்டும் தாங்குகிறது. ஹப் மோட்டாரில் அச்சு அசையாமல் நிற்க, அதைச் சுற்றி மோட்டாரின் கூடு சுழல்கிறது. சக்கரத்தை முன்னே தள்ளும் அதே விசை, அச்சைப் பின்புறமாகத் திருகப் பார்க்கும். அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவியிருப்பது, போர்க்கின் பிளவில் அது திரும்பாமல் நிற்பதற்கே.

நமக்குப் பழகிய தராசுக் கணக்காகவே பார்ப்போம். சிறிய மோட்டாரின் திருகு விசை 40 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது 1 மீட்டர் நீளக் கோலின் நுனியில் சுமார் 4 கிலோ தொங்குவதற்குச் சமம். அச்சின் தட்டைப் பகுதியோ சுமார் 10 மி.மீ. அகலம்தான். கோல் நூறில் ஒரு பங்காகக் குறுகினால் பாரம் நூறு மடங்காகும். அதாவது 400 கிலோ! பிளவின் மெல்லிய ஓரங்கள் இதைத் தாங்க வேண்டும். 'டார்க் ஆர்ம்' என்னும் எஃகுப் பட்டையை அச்சில் மாட்டி, மறுமுனையை 10 செ.மீ. தள்ளிப் போர்க் குழாயில் இறுக்கினால், அங்கே விழும் பாரம் 40 கிலோதான்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. வாங்குமுன் அளவெடுக்க வேண்டும். முன் சக்கர மோட்டாருக்கு வழக்கமாக 100 மி.மீ., பின் சக்கரத்துக்கு 135 மி.மீ. இடைவெளி தேவை. பழைய சைக்கிளில் குறைவாக இருந்தால் நெம்பி நுழைக்கக் கூடாது.

2. முன் சக்கரத்தில் பொருத்துவதானால் போர்க் எஃகாக இருக்க வேண்டும். அலுமினியப் போர்க் திடீரென உடையும். துருப்பிடித்ததும் வெல்டு வைத்ததும் வேண்டாம்.

3. பிளவு குறுகலாக இருந்தால், அச்சு இறுக்கமாக நுழையும் அளவுக்கு மட்டும் இரு பக்கமும் சமமாக அரத்தால் ராவ வேண்டும்.

4. டார்க் ஆர்ம் இல்லாமல் சைக்கிளை வெளியே அனுப்பக் கூடாது. முன் சக்கரமானால் இரு பக்கமும் மாட்டுவது நல்லது.

5. பழைய சைக்கிளின் கம்பி பிரேக், ரிம்மின் உட்பக்கத்தில் பிடிப்பது. மோட்டாருடன் வரும் ரிம்மின் அமைப்பு வேறாக இருந்தால் பிரேக் பிடிக்காது. அதற்கேற்ற பிரேக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

6. அச்சிலிருந்து வரும் வயரைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினால் மழைநீர் மோட்டாருக்குள் இறங்காது.

சட்டத்தையும் மறக்கலாகாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி விலக்குப் பெற, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும்; சோதனை நிறுவனத்தின் சான்றும் வேண்டும். விற்பவரிடம் சான்றைக் கேட்டு வாங்குவோம்.

பொருத்தி முடிந்ததும் நட்டையும் போர்க்கையும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். விலகியிருந்தால் அன்று சைக்கிள் கடையிலேயே நிற்கட்டும்.

இரவு பூட்டை இழுத்துப் பார்க்காமல் நாம் வீட்டுக்குப் போவதில்லை. காலையில் ஆளை அனுப்புமுன் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.